சமஸ்கிருதத் துறையில் ஒரு வடிவியலாளர்: டி. ஏ. சரஸ்வதி அம்மா (1918–2000)

இந்தியக் கணித வரலாற்றைக் கற்கும் எவரும் முதலில் கையில் எடுப்பது விபூதிபூஷண் தத்தரும் அவதேஷ் நாராயண் சிங்கும் சேர்ந்து எழுதிய 'ஹிஸ்டரி ஆஃப் ஹிந்து மேத்தமேடிக்ஸ்' என்ற நூலைத்தான். எண்குறிகளையும் எண்கணிதத்தையும் பேசும் முதற்பகுதி 1935இலும், இயற்கணிதத்தைப் பேசும் இரண்டாம் பகுதி 1938இலும் லாகூரிலிருந்து மோதிலால் பனார்சிதாஸ் வெளியீடாக வந்தன. வடிவியலுக்கு இடமளித்திருந்த மூன்றாம் பகுதி அச்சேறவில்லை. தத்தர் துறவு பூண்டு புஷ்கரத்திற்குச் சென்றார். சிங் 1954இலும் தத்தர் 1958இலும் மறைந்தனர். கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்த வடிவியல் பகுதி, கிருபா சங்கர் சுக்லாவின் திருத்தங்களுடன் 1980இல்தான் ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வெளிப்பட்டது. இந்த நாற்பதாண்டு இடைவெளியின் விளைவை எளிதில் ஊகிக்கலாம். இந்தியர்கள் எண்களில் வல்லவர்கள், வடிவங்களில் அல்லர். கணக்கிடத் தெரிந்தவர்கள், நிறுவத் தெரியாதவர்கள் என்ற கருத்து, மறுக்கும் நூல் இல்லாமையாலேயே பாடப்புத்தக உண்மையாக நிலைபெற்றது.

சுக்லாவின் திருத்தப் பதிப்புக்கு ஓராண்டு முன்பு, 1979இல், அதே மோதிலால் பனார்சிதாஸ் நிறுவனம் டெல்லியிலிருந்து 'ஜியோமெட்ரி இன் ஏன்ஷியன்ட் அண்ட் மெடீவல் இந்தியா' என்ற நூலை வெளியிட்டது. சுல்ப சூத்திரங்கள் முதல் கேரளக் கணித மரபு வரை இந்திய வடிவியல் முழுவதையும் மூலநூல்களின் துணைகொண்டு ஆராயும் முதல் நூல் அது என்று கூறுவது மிகையாகாது. அதன் ஆசிரியர் எந்தப் புகழ்பெற்ற கணித நிறுவனத்தையும் சேர்ந்தவர் அல்லர். நிலக்கரிச் சுரங்க நகரமான தன்பாதில் ஒரு மகளிர் கல்லூரியின் முதல்வராக இருந்த டி. ஏ. சரஸ்வதி அம்மா அவர்.

அவர் 1918 டிசம்பர் 26 அன்று செர்ப்புளச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தாய் குட்டிமாளு அம்மா. தந்தை மாராத்து அச்சுத மேனோன். சரஸ்வதி அம்மா இரண்டாவது மகள். பெயரின் முன்னெழுத்துகள் தெக்கத்து அமயங்கோட்டுக்குறுச்சி என்ற தறவாட்டுப் பெயரைக் குறிப்பவை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வாசகர்கள் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும்: மருமக்கத்தாய மரபில் பெண்ணின் பெயருக்கு முன் நிற்பது தாய்வழி வீடு. தாய்வழிக் குடும்ப அமைப்பு பெண்களுக்கு எல்லா உரிமைகளையும் தந்துவிட்டது என்று எளிமைப்படுத்துவது தவறு. எனினும் 1930களில் மலபாரில் ஒரு பெண் கணிதமும் இயற்பியலும் கற்றுப் பட்டம் பெறுவதற்கான சூழலைப் பேசும்போது அந்த அமைப்பை விட்டுவிட்டுப் பேச இயலாது.

கணிதம், இயற்பியல் ஆகியவற்றில் இளநிலைப் பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெற்றார். சமஸ்கிருதத்தில் முதுகலைப் பட்டத்தை பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பெற்றார். ஆங்கில இலக்கியத்திலும் ஒரு முதுகலைப் பட்டம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் இது துறை விட்டுத் துறை தாவிய கல்வியாகத் தோன்றும். இந்தியக் கணித வரலாற்றை எழுத முற்படுபவருக்குத் தேவையான தகுதிகள் எவையெனப் பட்டியலிட்டுப் பார்த்தால், அதே கல்வி மிகப் பொருத்தமானதாகத் தெரியும். சூத்திர நடையில் சுருக்கி எழுதப்பட்ட ஒரு செய்யுளைப் பிரித்துப் பொருள் காண இலக்கணப் பயிற்சி வேண்டும். கிடைத்த பொருள் கணிதமாக நிற்குமா என்று சோதிக்கக் கணிதப் பயிற்சி வேண்டும். அதை உலக ஆய்வாளர் முன் வைக்க ஆங்கிலம் வேண்டும். முதலிரண்டில் ஒன்று மட்டும் உடையவர்கள் செய்த பிழைகள் இத்துறையின் வரலாற்றில் ஏராளம்.

இக்குடும்பத்தில் இன்னொரு பெயரும் உண்டு. சரஸ்வதி அம்மாவின் தங்கை, மலையாள நாவலாசிரியர் ராஜலட்சுமி. அவரும் அறிவியல் கற்றவரே. இயற்பியல் விரிவுரையாளராகப் பணியாற்றினார். 'ஒரு வழியும் குறெ நிழலுகளும்' என்ற நாவலுக்காகக் கேரள சாகித்திய அக்காதமியின் விருதைப் பெற்றார். இதழில் தொடராக வந்துகொண்டிருந்த அவருடைய இன்னொரு நாவல், தங்களையே அது சித்திரிப்பதாகச் சிலர் எழுப்பிய எதிர்ப்பினால் இடையில் நின்றது. 1965 ஜனவரியில், முப்பத்து நான்கு வயதில், அவர் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். மலையாள இலக்கிய வரலாற்றில் ராஜலட்சுமி நன்கறியப்பட்டவர். அவருடைய அக்காளின் பெயர் அதே வாசகர்களில் பலருக்குத் தெரியாது.

திருச்சூர் ஸ்ரீ கேரள வர்மா கல்லூரி, எறணாகுளம் மகாராஜா கல்லூரி, ராஞ்சி மகளிர் கல்லூரி ஆகியவை சரஸ்வதி அம்மா ஆசிரியப் பணி புரிந்த இடங்கள். அவருடைய ஆய்வு வாழ்க்கையின் திருப்புமுனை 1957இல் நேர்ந்தது. அவ்வாண்டு முதல் 1960 வரை இந்திய அரசின் உதவித்தொகை பெற்ற ஆய்வாளராகச் சென்னைப் பல்கலைக்கழகச் சமஸ்கிருதத் துறையில் வே. ராகவனின் வழிகாட்டலில் ஆய்வு மேற்கொண்டார். திருவாரூரில் பிறந்த ராகவன் அலங்கார சாஸ்திரம், நாட்டியம், இசை ஆகியவற்றில் பேரறிஞர். போஜனின் சிருங்கார பிரகாசத்தை ஆராய்ந்தவர். கணிதத்திற்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்தியா முழுவதிலும் வெளிநாடுகளிலும் உள்ள சமஸ்கிருதச் சுவடிகளின் மாபெரும் அட்டவணையான 'நியூ கேட்டலாகஸ் கேட்டலாகோரம்' அத்துறையில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. எந்த நூல் எங்கே சுவடியாக இருக்கிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த இடம் அன்று வேறில்லை. பிற்காலத்தில் கேரள வானியல், கணித மரபின் வரலாற்றை எழுதிய கே. வி. சர்மாவும் அத்திட்டத்தில் உழைத்தவரே.

சென்னையில் இதற்கு இன்னொரு பக்கமும் இருந்தது. கணிதப் பேராசிரியர் சி. டி. ராஜகோபால் கே. முகுந்த மாராருடன் சேர்ந்து வட்டத்தின் சுற்றளவு பற்றிய கேரளத் தொடர்களைக் குறித்து 1944இலேயே கட்டுரை வெளியிட்டிருந்தார். மகாவீரரின் 'கணித சார சங்கிரகம்' 1912இல் மு. ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில்தான் பதிப்பிக்கப்பட்டது. 'யுக்திபாஷா'வின் கணிதப் பகுதி ராம வர்மா மருத் தம்புரான், ஏ. ஆர். அகிலேசுவர ஐயர் ஆகியோரின் விளக்கத்துடன் 1948இல் திருச்சூரில் வெளிவந்தது. ஆரியபடீயத்திற்கு நீலகண்ட சோமயாஜி எழுதிய பெரும் பாஷ்யத்தின் மூன்றாம், இறுதிப் பகுதி திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் 1957இல் வந்தது. சரஸ்வதி அம்மா சென்னையில் ஆய்வைத் தொடங்கிய அதே ஆண்டு அது. மூலங்கள் ஒவ்வொன்றாக அச்சேறிவிட்டன. அவற்றை ஒன்றாக வைத்துப் படிக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

அந்த ஆய்வுக் காலத்தின் விளைச்சல்களுள் ஒன்று, 'சிரேடீ க்ஷேத்திரங்கள்' குறித்து அவர் எழுதிய கட்டுரை. சென்னையின் 'ஜர்னல் ஆஃப் ஓரியண்டல் ரிசர்ச்' இதழில் வெளியான அது, எண்தொடர்களை வடிவங்களாக வரைந்து காட்டும் இந்திய முறையை எடுத்துரைக்கிறது. 2, 5, 8, 11 என்ற கூட்டுத் தொடரை எடுத்துக்கொள்வோம். முதல் உறுப்பு 2, பொது வேறுபாடு 3, உறுப்புகள் நான்கு. ஸ்ரீதரர் இதை ஒரு சரிவகமாகக் காண்பார். உயரம் 4. 'முகம்' எனப்படும் மேற்பக்கம், முதல் உறுப்பிலிருந்து வேறுபாட்டின் பாதியைக் கழித்தது: 0.5. அதனுடன் நான்கு வேறுபாடுகளைக் கூட்டினால் அடிப்பக்கம்: 12.5. இரண்டின் சராசரி 6.5, உயரத்தால் பெருக்க 26. அதுவே தொடரின் கூட்டுத்தொகை. இந்தச் சரிவகத்தை ஓரலகு உயரமுள்ள நான்கு பட்டைகளாக வெட்டினால் அவற்றின் பரப்புகள் முறையே 2, 5, 8, 11 என வரும்.

இதுவரை இது ஒரு நல்ல விளக்கப்படம் என்று கடந்துவிடலாம். 1, 5, 9 என்ற தொடருக்கு இதைப் பொருத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. முதல் உறுப்பிலிருந்து வேறுபாட்டின் பாதியைக் கழித்தால் முகம் எதிர்ம எண்ணாகிறது. குறை எண் நீளமுள்ள பக்கத்தை எப்படி வரைவது? ஸ்ரீதரர் இங்கே முறையைக் கைவிடவில்லை. பக்கக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்று மேலே தலைகீழான ஒரு சிறு முக்கோணத்தை உண்டாக்கும். கீழுள்ள முக்கோணத்தின் பரப்பிலிருந்து அதன் பரப்பைக் கழிக்க வேண்டும். எதிர்ம எண்ணுக்கு இங்கே ஒரு வடிவியற் பொருள் கிடைக்கிறது. இந்தியக் கணிதத்தில் வடிவியல் இயற்கணிதத்தின் ஏவலாள் என்று கருதுபவர்கள் இந்த உருவத்தை வரைந்து பார்க்கவேண்டும்.

நீலகண்டரிடம் இம்முறை திண்மவடிவம் பெறுகிறது. 1, 4, 9 என்ற வர்க்கங்களைச் சதுரப் பலகைகளாகக் கொண்டு, அத்தகைய ஆறு தொகுதிகளைச் சேர்த்து அடுக்கினால் 3, 4, 7 அலகுப் பக்கங்களுள்ள கனச்செவ்வகம் இடைவெளியின்றி நிரம்பும். பதினான்கின் ஆறு மடங்கு எண்பத்து நான்கு. மூன்று, நான்கு, ஏழின் பெருக்கமும் அதுவே. எத்தனை உறுப்புகளாயினும் இந்த அடுக்குமுறை மாறாது. இதைச் சொற்களிலேயே விவரித்துவிட்டு, படிப்பவர் மனக்கண்ணில் அடுக்கிப் பார்க்க வேண்டும் என எதிர்பார்த்தவர்கள் அவர்கள். அந்தச் சொற்களிலிருந்து மீண்டும் கட்டுமானத்தை எழுப்ப, மொழியும் கணிதமும் ஒரே மூளையில் இருந்தாக வேண்டும்.

1961இல் வெளியான அவருடைய மற்றொரு கட்டுரையின் பொருள், வட்ட நாற்கரம். இந்த வரலாறு ஒரு நல்ல வழக்கைப் போன்றது. பிரம்மகுப்தர் 628இல் நாற்கரத்தின் பரப்புக்கு ஒரு வாய்பாட்டைத் தந்தார்: சுற்றளவின் பாதியிலிருந்து நான்கு பக்கங்களையும் தனித்தனியே கழித்து, கிடைத்தவற்றைப் பெருக்கி, வர்க்கமூலம் காண்க. நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மீது அமைந்தால் மட்டுமே இது உண்மை. பிரம்மகுப்தர் அந்த நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பின்வந்தோர் பலர் வாய்பாட்டை வாங்கிக்கொண்டு நிபந்தனையைத் தவறவிட்டனர். 1150இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கரர் இங்கே சீறினார். நான்கு பக்கங்கள் மட்டும் தரப்பட்டால் நாற்கரம் ஒரு நிலையில் நில்லாது. நான்கு குச்சிகளை முனையில் கட்டி அழுத்திப் பார்த்தாலே தெரியும். அப்படியிருக்கப் பரப்பைக் கேட்பவன் பிசாசு, விடை சொல்பவன் அவனிலும் பெரிய பிசாசு என்ற பொருள்பட எழுதினார். பாஸ்கரரின் கண்டனம் தருக்கத்தின்படி சரியானது. ஆனால் பிரம்மகுப்தர் எந்த நாற்கரத்தைப் பேசினார் என்பதை அது தவறவிட்டது.

இந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்பதே சுவையானது. நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய 'கணித கௌமுதி'யில், வட்ட நாற்கரத்தின் இரு பக்கங்களை இடம் மாற்றினால் மூன்றாவது மூலைவிட்டம் ஒன்று தோன்றும் என்று கண்டார். மூன்று மூலைவிட்டங்களின் பெருக்கத்தை விட்டத்தின் இருமடங்கால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். 15ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் பரமேசுவரர், லீலாவதிக்கு எழுதிய உரையில், நான்கு பக்கங்களைக் கொண்டே சுற்றுவட்டத்தின் ஆரத்தைக் காணும் விதியைத் தந்தார். ஐரோப்பாவில் இது 1782இல் லுயிலியேயின் பெயரால் அறியப்பட்டது. பிறகு ஜேஷ்டதேவர் 'யுக்திபாஷா'வில் பிரம்மகுப்தரின் வாய்பாட்டை மலையாள உரைநடையில் படிப்படியாக நிறுவினார். ஆக, 7ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஐயுறப்பட்ட ஒன்று, 16ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. உரையாசிரியர்கள் பழையதைத் திருப்பிச் சொல்பவர்கள் அல்லர், தீர்ப்பு எழுதுபவர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மூலங்களை மட்டும் மொழிபெயர்த்து உரைகளை ஒதுக்கிய 19ஆம் நூற்றாண்டு ஆய்வுமுறை நிறுவல்களைக் காணாமற்போனதில் வியப்பில்லை. அவை இருந்த இடமே உரைகள்தாம்.

சரஸ்வதி அம்மாவின் நூல் எதிர்த்து நின்றது இந்தக் காணாமையைத்தான். இந்தியக் கணித மேதைமை பெரிதும் கணக்கீட்டையும் இயற்கணிதத்தையும் சார்ந்தது, நிறுவல்களையும் காரணங்களையும் அது பொருட்படுத்தவில்லை என்ற கோட்பாட்டைத் தகர்ப்பதே தம் நோக்கம் என அதில் அவர் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஆர். கே போன்றோர் இந்தியக் கணிதத்தில் சிறந்தவை யாவும் கிரேக்கத்திலிருந்து வந்தவை என்று எழுதினர். அதற்கு எதிர்வினையாக, வேதத்திலேயே எல்லாம் உண்டு என்ற இன்னொரு கூச்சல் எழுந்தது. இன்றும் அது ஓயவில்லை. சரஸ்வதி அம்மா இவ்விரண்டு பக்கமும் சாயவில்லை. வேள்விமேடையின் செங்கற்களிலிருந்து தொடங்கி, பிராகிருதத்தில் எழுதப்பட்ட ஜைன அண்டவியல் நூலான 'திலோயபண்ணத்தி'யின் அளவைகளையும், சரிவகம், நாற்கரம், முக்கோணம், வட்டம், திண்மங்கள் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, யார் என்ன சொன்னார், அதற்கு என்ன காரணம் காட்டினார் என்று வரிசைப்படுத்தினார். மாதவரின் வட்டத் தொடர், ஐரோப்பாவில் கிரிகோரியும் லைப்னிட்சும் கண்டதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முந்தியது என்பதைச் சொல்ல ஒரு வரி போதும். அது எவ்வாறு வருவிக்கப்பட்டது என்று காட்டுவதற்குத்தான் நூல் வேண்டும்.

(தமிழ் மாணவர்கள் கவனிக்க ஓர் இடம்: சுற்றளவின் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்ற விதி ஆரியபடீயத்தில் உள்ளது, நம் கணக்கதிகாரத்திலும் உள்ளது. தமிழ்க் கணக்கு நூல்களின் வடிவியற் பகுதிகளை இப்படி விதிவிதியாக ஒப்பிட்டு எழுத விரும்புபவருக்குச் சரஸ்வதி அம்மாவின் நூல் ஒரு முன்மாதிரி.)

சென்னையில் தொடங்கிய ஆய்வு முனைவர் பட்டமாக நிறைவுற்றது ராஞ்சியில். 1960இல் நிறுவப்பட்ட ராஞ்சிப் பல்கலைக்கழகம் 1964இல் அவருக்கு அப்பட்டத்தை வழங்கியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. மறு ஜனவரியில் தங்கையின் மரணம். ஆய்வேடு அச்சுநூலாக வந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்து.

ராஞ்சி ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. ராஞ்சியை அடுத்த மேஸ்ராவில், பிர்லா தொழில்நுட்பக் கழகத்தில், ராதா சரண் குப்தா என்ற இளம் கணித ஆசிரியர் இருந்தார். அவர் சரஸ்வதி அம்மாவின் வழிகாட்டலில் இந்திய முக்கோணவியல் வரலாற்றை ஆராய்ந்து 1971இல் ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1979இல் 'கணித பாரதி' ஆய்விதழைத் தொடங்கிய குப்தா, கணித வரலாற்றுக்கான உலகின் உயரிய விருதுகளுள் ஒன்றாகிய கென்னத் மே பரிசை 2009இல் ஐவர் கிராட்டன்-கின்னஸுடன் பகிர்ந்துகொண்டார். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தியக் கணித வரலாறு ஒரு முறையான துறையாக உருப்பெற்றதில் குப்தாவின் பங்கை மறுப்பார் இல்லை. அவருடைய ஆய்வு நெறியாளர் யார் என்று கேட்டால் மட்டும் பல கருத்தரங்குகளில் மௌனம் நிலவும். ஆண் பேராசிரியர்களின் மாணவப் பரம்பரையைக் குருபரம்பரைபோல் ஓதும் பழக்கமுள்ள நம் கல்விச் சூழலில் இந்த மௌனத்தைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

1973 முதல் 1980 வரை சரஸ்வதி அம்மா தன்பாதின் ஸ்ரீ ஸ்ரீ லட்சுமி நாராயண் டிரஸ்ட் மகிளா மகாவித்யாலயத்தின் முதல்வராக இருந்தார். அவருடைய பெருநூல் வெளிவந்தது இப்பொறுப்பின் நடுவேதான். கல்லூரி நிர்வாகம் என்றால் என்ன என்பதைத் துறைத்தலைவர் பதவியில் ஓராண்டு இருந்தவர்களும் அறிவர். நூலகமும் சுவடிச்சாலையும் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்க, மூலங்களின் பெரும்பகுதி தென்னாட்டு எழுத்துகளில் இருக்க, சோட்டா நாக்பூரில் இருந்துகொண்டு அந்நூல் இறுதி வடிவம் பெற்றது. ஜப்பானிய அறிஞர் மிச்சியோ யானோ இந்திய வடிவியல் ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் இட்ட நூல் என்று இதை மதிப்பிட்டார். 1999இல் மறுபதிப்பு வந்தது.

அவரைக் கணிதவியலர் என்பதா, கணித வரலாற்றாசிரியர் என்பதா, சமஸ்கிருத அறிஞர் என்பதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. புதிய தேற்றம் எதையும் அவர் கண்டாரா என்று கேட்பவர்கள், யுக்திபாஷாவின் ஒரு நிறுவலைச் செய்யுளும் உரைநடையுமாகப் படித்து, உருவம் வரைந்து, இன்றைய குறியீட்டில் எழுதிப் பார்க்கட்டும். அந்த வேலைக்குக் கணிதத் துறைகள் அன்று இடம் தரவில்லை. அது 'உண்மையான கணிதம்' அல்ல என்றன. இலக்கிய ஆர்வம் மிகுந்த சமஸ்கிருதத் துறைகளில் அது ஓரத்து வேலையாகவே இருந்தது. ராகவன் போன்ற ஒருவர் கதவைத் திறந்து வைத்திருந்ததால் ஓர் ஆய்வு பிழைத்தது. இன்றும் கணிதம் பயின்று தமிழ்க் கணக்குச் சுவடிகளை ஆராய விரும்பும் மாணவி எந்தத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு நம் பல்கலைக்கழகங்களிடம் தெளிவான விடை இல்லை.

ஓய்வுக்குப் பின் சரஸ்வதி அம்மா ஒற்றப்பாலத்தில் வாழ்ந்தார். அவர் பிறந்த செர்ப்புளச்சேரி அங்கிருந்து சிறிது தொலைவுதான். பாரதப்புழை அவ்வூரைக் கடந்து மேற்கே கடலை நோக்கிச் செல்கிறது. நீலகண்டரின் திருக்கண்டியூர் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், திரூருக்கு அருகில் இருக்கிறது. 2000 ஆகஸ்ட் 15 அன்று அவர் காலமானார். 2002 முதல் கேரளக் கணிதச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டில் அவர் பெயரால் நினைவுச் சொற்பொழிவு நடத்திவருகிறது. அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் எழுத்துகளின் பட்டியலையும் 2003இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஹிஸ்டரி ஆஃப் சயின்ஸ்' இதழில் தொகுத்து வெளியிட்டவர், அவருடைய மாணவர் ராதா சரண் குப்தா.